வீடு விற்கப் படித்த சதுரமீற்றர்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் வீடு வாங்கிய தமிழர் எவராக இருந்தாலும், அவருடைய குளியலறைத் தரையில் சதுரமீற்றர் ஒரு தடவையாவது முழந்தாளிட்டிருப்பார். இதற்கு விதிவிலக்கே கிடையாது. "எங்கட வீட்டுக்கு அவர் வரேல்லை" என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது அவர் வீட்டில் குளியலறை இல்லை.

சதுரமீற்றர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மற்ற ஆண்கள் இடுப்புப் பட்டியில் கைத்தொலைபேசியைக் கொழுவிக்கொண்டு திரிந்த காலத்தில் இவர் மஞ்சள் நிற அளவு நாடா ஒன்றைக் கொழுவியிருந்தார். பிறந்தநாளோ சாமத்தியவீடோ, எங்கே அழைத்தாலும் முதலில் அளவு, பிறகுதான் சாப்பாடு.

"வாங்கோ அண்ணை, புட்டு ஆறப்போகுது."

"பொறும் தங்கச்சி. உங்கட ஹோல் இருபத்திரண்டு சதுரமீற்றர் எண்டு பத்திரத்திலை கிடக்கு. எனக்கு இருபத்தொண்டு புள்ளி நாலுதான் வருகுது. மிச்சம் எங்கை?"

மிச்சம் எங்கே என்று வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? தானே எடுத்துத் தின்றுவிட்டவள் போல அவள் முழிப்பாள்.

ஒருமுறை சரிவுக் கூரைக்குக் கீழே இருந்த ஒரு மேல்மாடி வீட்டில் விருந்து. கூரை சரிந்து இறங்கும் மூலையில் ஒருவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து ஆட்டிறைச்சிக் கறியோடு மும்முரமாக இருந்தார். நொர்வேயில் கூரை ஒரு மீற்றர் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தை வீட்டின் பரப்பளவில் சேர்ப்பதில்லை. சதுரமீற்றர் நாடாவை நீட்டி, கூரையைத் தொட்டு, அந்த மனிதரைப் பார்த்துப் பரிதாபத்தோடு சொன்னார்: "தம்பி, நீர் இருக்கிறது சட்டப்படி வீடில்லை. நீர் வெளியிலைதான் இருக்கிறீர்." அந்த மனிதர் தட்டோடு எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எண்பதுகளில் வந்து இறங்கியவர் அவர். வடக்கே, உலகம் முடிகிற இடத்தில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலை வேலை. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசையில் மீன் துண்டை வைத்து முள் தேடுவது. பத்து வருடம் முள் தேடியவருக்கு உலகமே அந்த மேசையாகிவிட்டது. "மீனுக்குள்ளை கிடக்கிற முள்ளைக் கண்டுபிடிச்சவனுக்கு வீட்டுக்குள்ளை கிடக்கிற பிழையைக் கண்டுபிடிக்கிறது பெரிய வேலையே?" என்பார்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குரோருட்டில் குடியேறினார். மனைவி புவனம் அக்காவுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. இவருக்கு விடிகாலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை. அது வீடு விற்றுக் கொடுக்கும் அலுவலகமாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அங்கே குப்பைக் கூடைகளில் வீடுகளைப் பற்றிய விற்பனைப் புத்தகங்கள் கிடக்கும். இவர் தூக்கி எறிய முதல் வாசிப்பார். வாசித்தால் பொறுக்காது. பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, "இந்தப் படத்தின்படி இந்த அறை இவ்வளவு வராது" என்று திருத்தி, உரியவரின் மேசையில் அழகாக வைத்துவிட்டு வருவார். ஊழியர்கள் அதை அலுவலகத் தலைவியின் வேலை என்று நினைத்துப் பயந்தார்கள். தலைவி யாரோ பொறுப்பான ஊழியர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் நானும் கணவரும் வீடு தேடத் தொடங்கினோம். நான் அப்போது ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளர். சதுரமீற்றர் கூலி எதுவும் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வீடு பார்க்க வருவார். அங்கெல்லாம் வீடு விற்பதென்றால் ஞாயிறு மத்தியானம் ஒரு மணித்தியாலம் கதவைத் திறந்து வைப்பார்கள். விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம். சப்பாத்துக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

குரோருட்டில் மூன்றாம் மாடி வீடு ஒன்று. விற்கும் முகவர் ஓர் இளைஞன். அந்த ஊரில் முகவரை மெக்லர் என்பார்கள். அவன் அணிந்திருந்த சப்பாத்து அவ்வளவு கூர். நீல உறையைக் கிழித்துக்கொண்டு மூக்கை வெளியே நீட்டியிருந்தது. அவன் எங்கள் கையில் விற்பனைப் புத்தகத்தைத் தந்ததும் சதுரமீற்றர் என் காதில், "இது எனக்குத் தெரிஞ்ச புத்தகம். வெள்ளிக்கிழமை குப்பையிலை பாத்தனான். திருத்தியும் விட்டனான். திருத்தேல்லைப் போலை கிடக்கு" என்றார்.

அவ்வளவுதான். பிறகு ஆளைக் காணவில்லை. குளியலறையிலிருந்து டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், தரையில் முழந்தாளிட்டு, சுவர் ஓட்டில் காதை ஒட்டி, விரல் கணுவால் தட்டிக்கொண்டிருக்கிறார். வீடு பார்க்க வந்த ஓர் இளம் சோடி என்னவென்று கேட்டது. "உள்ளே வெறுமை. ஓடு கழன்றிருக்கிறது. பின்னால் ஈரம்" என்று அவர் நொர்வேஜிய மொழியில் சொன்னார். அவர்களும் காதை ஒட்டிக் கேட்டார்கள். பிறகு ஒரு தாடிக்காரர் கேட்டார். பிறகு வாசல்வரை ஒரு வரிசை நின்றது. கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய் நீல உறையைக் கழற்றினார்கள். பத்து நிமிடத்தில் வீட்டில் நாங்கள் மூவரும் கூர்ச்சப்பாத்தும்தான்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணை, எல்லாரும் போயிட்டினம். இப்ப நாங்கள் மலிவா வாங்கிப்போடலாம்."

"விசரே உமக்கு? நான் பொய்யே சொன்னனான்? நீங்களும் வாங்கக்கூடாது."

கூர்ச்சப்பாத்துக்காரன் சிவந்த முகத்தோடு வந்தான். "நீங்கள் யார்?"

சதுரமீற்றர் பெருமையோடு சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். நூலகத்துக் கணினியில் அவரே அச்சடித்தது. பெயருக்குக் கீழே 'மெக்லர்' என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

"உரிமம் இருக்கிறதா?"

"என்ன உரிமம்?"

"உரிமம் இல்லாதவர் இந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள முடியாது. சட்டம் அப்படி."

சதுரமீற்றரின் முகத்தை நான் அப்படி என்றும் கண்டதில்லை. அட்டையைத் திருப்பி வாங்கி, ஏதோ முள்ளை விழுங்கியவர் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஒரு ஆள் மெக்லராக வர என்ன வேண்டும்?"

அந்த இளைஞன் நல்ல பிள்ளைதான். கோபத்தோடு இருந்தாலும் விரல்விட்டுச் சொன்னான்: மூன்று வருடப் பட்டப்படிப்பு. உரிமம் உள்ளவர்களின் கீழ் இரண்டு வருட வேலைப் பயிற்சி. நன்னடத்தைக்குப் பொலிஸ் சான்றிதழ். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சதுரமீற்றர் விற்பனைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலையும் எழுதினார். எழுதி முடித்ததும் கடைசிக்கு நேரே ஒரு சரி அடையாளம் போட்டார்.

"பதினெட்டு வயசு முடிஞ்சுது. நாலிலை ஒண்டு சரி. இருபத்தைஞ்சு வீதம்."

அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அட்டைகள் முழுவதையும் துண்டு துண்டாகக் கிழித்தார். "அடுத்தவன் அரை மீற்றர் கூட்டி எழுதினதைத் திருத்தினனான் தங்கச்சி. என்ர அட்டையிலை முழுப் பொய்யை எழுதி வைச்சிருந்திருக்கிறன்" என்றார். என் கணவர் சிரிக்கப் பார்த்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

அடுத்த வாரமே அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். நாலில் அதுதான் சுலபம் என்று ஒரு கணக்கு. துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

"எதற்காகச் சான்றிதழ்?" என்று கேட்டாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பொலிஸ்காரி.

"நான் நல்லவனா என்று தெரிய வேண்டும்."

"அதை நாங்கள் சும்மா சொல்வதில்லை. உரிமத்துக்கு விண்ணப்பிக்கிற நேரம் வாருங்கள்."

அவர் நகரவில்லை. கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, "ஒரு விஷயம் இருக்கிறது. ஒருமுறை சுரங்க ரயிலில் நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது பயணச்சீட்டு முடிந்து ஏழு நிமிடம். அது உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார். அது பொலிசின் வேலை இல்லை என்று அவள் சொன்னாள். அப்படியானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இவர் கேட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு படிப்பு. கல்லூரிக்குள் நுழைய உயர்தரப் படிப்புச் சான்றிதழ் வேண்டும். அவருடையது ஊரில் போரால் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த ஏதோ ஒரு வீட்டோடு போய்விட்டது. ஆனால் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், வாழ்க்கையிலும் வேலையிலும் கற்றதைக் காட்டி இடம் கேட்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அந்த விண்ணப்பத்தை எழுத என்னிடம் வந்தார். முதல் கட்டத்தில் 'பெயர்' என்றிருந்தது. நான் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அவருடைய பெயர் தெரியாது! அவர் சொன்னார். அது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. வெளியே மூன்று எழுத்துத் தொங்கியது. "சரியான பரப்பளவு இல்லை" என்று படிவத்தைக் குறை சொன்னார்.

பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து பழைய மேற்பார்வையாளர் ஒரு நற்சான்றுக் கடிதம் அனுப்பியிருந்தார். அதில் இரண்டே வரிகள்தான் இருந்தன. 'வேறு யாரும் காணாத முட்களை இவர் கண்டார். வேலை சற்று மெதுவாக நடந்தது.' அதோடு ஒஸ்லோவில் அவர் அளந்த வீடுகளின் குறிப்புப் புத்தகங்கள் ஒன்பதையும் ஒரு மீன் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கல்லூரிக்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, மொழிப் பரீட்சையில் தேறினால் இடம் என்று எழுதினார்கள்.

மொழியில்தான் வினை இருந்தது. அவர் பேசுவது அச்சு அசல் வடக்கு நொர்வேஜியம். ஒஸ்லோக்காரர் 'யாய்' என்று சொல்லும் 'நான்' வடக்கே 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் ஓர் ஒலி மட்டும்தான். வாய்மொழிப் பரீட்சையில் அவர் 'நான்' என்று தொடங்கியதும் பரீட்சகர், "பல் வலியா?" என்று கேட்டாராம். அதுகூடப் பரவாயில்லை. மீன் தொழிற்சாலையில் எல்லாரும் காலை வணக்கம் போலச் சொல்லும் ஒரு சொல்லை, மரியாதைக்காக வசனத்துக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார். அது கடலோடிகளின் வாயிலேயே கொஞ்சம் கனமான கெட்ட சொல் என்பது அவருக்குத் தெரியாது. பரீட்சகர் வடக்கே பிறந்தவராக இருந்தது முன்னோர் செய்த புண்ணியம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டுத் தேர்ச்சி போட்டாராம்.

"நாப்பத்து மூண்டு வயசிலை புத்தகப் பையோ?" என்று புவனம் அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் காலையில் அந்தப் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி வைத்தது அவர்தான்.

விடிகாலையில் துப்புரவு வேலை. அது முடிந்ததும் வகுப்பு. படிப்பதற்கு அவர் கண்டுபிடித்த இடம் சுரங்க ரயில். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும், அங்கிருந்து இந்த முனைக்கும், சொத்துச் சட்டத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போவார். பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். "எவ்வளவு விசாலமான வாசிகசாலை தெரியுமோ தங்கச்சி" என்பார்.

இதற்கிடையில் எங்களுக்கும் வீடு கிடைத்தது. பதினேழாவதாகப் பார்த்த வீடு. பதினொரு பிழைகளை எழுதித் தந்துவிட்டு, "வாங்கலாம்" என்றார். எங்களுக்கு நம்ப முடியவில்லை. "தெரிஞ்ச பிழை பிழையில்லை. அது வீட்டின்ர குணம்" என்றார்.

சட்டப் பாடத்தில் அவர் சூரன். பரீட்சையில் ஒரு கேள்வி: வசந்த காலத்தில் நிலவறைக்குள் தண்ணீர் வருவதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டாம் என்று விற்பவர் கேட்டுக்கொண்டால் மெக்லர் என்ன செய்ய வேண்டும்? இவருடைய விடை: 'கேட்பவரிடம் சொல்வேன். கேட்காதவரிடம் அதற்கு முன்பே சொல்வேன்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். ஈரத்தின் வகைகள் பற்றி மேலும் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டார். 'சரி. ஆனால் ஈரம் இவ்வளவு வேண்டாம்' என்று விரிவுரையாளர் ஓரத்தில் குறித்திருந்தார்.

விழுந்தது சந்தைப்படுத்தல் பாடத்தில். ஒரு வீட்டுக்கு விளம்பரம் எழுத வேண்டும். இவர் எழுதியது: 'சிறிய வீடு. வடக்குப் பார்த்தது. பஸ் சத்தம் கேட்கும்.'

அடுத்த தடவையும் சித்தியடையவில்லை. இந்த ஒரு பாடத்தில் இன்னுமொருமுறை விழுந்தால் வருடம் போய்விடும். துப்புரவு வேலையில் நேரம் மாற்றிக் கொடுத்தவர்கள் இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சமையலறை மேசையருகே வந்து இருந்தார். நாடாவைக்கூட எடுக்கவில்லை.

"விட்டுடுவம் எண்டு யோசிக்கிறன் தங்கச்சி. பொய் எழுதத் தெரியாதவனுக்கு இந்தத் தொழில் சரிவராது."

"பொய் வேண்டாம் அண்ணை. ஒரு நல்ல சொல் போடுங்கோ. 'அழகான சமையலறை' எண்டு எழுதுங்கோவன்."

"அழகான எண்டு ஆர் அளந்தது?"

"'வசதியான'?"

"ஆருக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு உலகத்திலை நல்லது ஒண்டுமே கண்ணிலை படாதோ? பிழை மட்டும்தானோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறியது. கொஞ்ச நேரம் கழித்து மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மேசையில் விரலை வைத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவர் எழுந்து போனது பதினொன்று பத்துக்கு. மறுநாளும் வந்தார், அதே கதிரையில் இருந்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாம் நாளும் வந்தார். என் கணவர், "இவர் இஞ்சையே குடிவந்திட்டாரோ?" என்று கேட்டார்.

மூன்றாந்தடவைப் பரீட்சையில் அவர் எழுதியது இதுதான்: 'பங்குனி மாதத்தில் காலை எட்டே முக்காலுக்குச் சமையலறை மேசையின் இடது மூலையில் வெயில் விழும். பதினொன்று பத்துவரை இருக்கும். அந்த நேரம் தேநீரோடு ஒருவர் அங்கே இருந்தால், எழும்ப மனம் வராது. மூன்று நாள் சோதித்தேன்.'

வகுப்பிலேயே ஆகக்கூடிய புள்ளி.

பட்டம் வந்தது. இனிப் பயிற்சி. எத்தனையோ அலுவலகங்களுக்கு விண்ணப்பித்தார். எல்லா இடத்திலிருந்தும் ஒரே மாதிரிப் பதில்: நன்றி, வாழ்த்துகள், இப்போதைக்கு இல்லை. கடைசியில் புவனம் அக்காதான் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "நீங்கள் கூட்டித் துடைக்கிற ஒப்பிசிலை கேட்டனீங்களோ?"

"அங்கை நான் துப்புரவாக்கிற ஆள்."

"அதுதான் சொல்லுறன். உங்களைப்போலை அந்த ஒப்பிசை ஆருக்குத் தெரியும்?"

அன்று துப்புரவு முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குளியலறையில் கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டிக்கொண்டு, தலைவி வரும்வரை வாசலில் நின்றார். தலைவி நரைத்த தலைமுடியும் தடித்த கண்ணாடியுமாக இருந்த ஒரு பெண்மணி. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டு, "இந்த அறையை எனக்கு விற்றுக் காட்டுங்கள்" என்றார்.

"இந்த அறை பதினொன்று புள்ளி நாலு சதுரமீற்றர். வாசலில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், அது பிழை. சூடாக்கி சொட்டுகிறது, தினமும் காலையில் நான்தான் துடைக்கிறேன். ஆனால் கதவை மூடினால் வெளிச் சத்தம் கேட்காது. அழ வேண்டிய ஒருவர் இங்கே வந்து அழலாம். இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள். குப்பைக் கூடையில் கண் துடைத்த கடதாசித் துண்டுகள் கிடந்தன."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். மேசை லாச்சியைத் திறந்து, சிவப்புப் பேனையால் திருத்தப்பட்ட விற்பனைப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். "இது நீங்களா?"

"ஓம்... மன்னிக்க வேண்டும்."

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள். வாளி இல்லாமல்."

அவரைப் பழக்கும் பொறுப்பு யாருக்கு வந்தது தெரியுமா? கூர்ச்சப்பாத்துக்காரனுக்கு. தன் புத்தகங்களுக்கு இத்தனை காலம் சிவப்பு மை பூசிய கை எது என்று தெரிந்தபோது அவன் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தானாம்.

முதலில் கூட்டிப்போன வீடு ஹொல்ம்லியாவில். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். கணவன் சதுரமீற்றரைக் கண்டதும் மலர்ந்து, "சார், நீங்க தமிழா? சூப்பர்! வாஸ்து எப்படி சார்?" என்றான்.

"வாஸ்து எனக்குத் தெரியாது தம்பி. ஈரம் தெரியும்."

பிறகு தொடங்கினார். பல்கனிக் கதவு பனிக்காலத்தில் இறுகும். சமையலறை அலுமாரி ஒன்று ஒருபக்கம் சரிவு. "மேல்வீட்டிலை ஒருத்தர் ட்ரொம்போன் ஊதுறவர். செவ்வாயும் வியாழனும். சுருதி சேராது." ஒவ்வொன்றுக்கும் கூர்ச்சப்பாத்து கண்ணை மூடித் திறந்தான். தமிழ் விளங்காவிட்டாலும் அவர் விரல் நீட்டிய திசை விளங்கியது.

பெண் கணவனிடம் கிசுகிசுத்தாள்: "என்னங்க இவரு, விக்க வந்தாரா, வேணாம்னு சொல்ல வந்தாரா?"

அவன் சிரித்தான். "சார், நான் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்வீட்ல வளந்தவன். ட்ரொம்போன்லாம் ஒரு சத்தமா? இதுக்கு முன்னாடி ஆறு வீடு பாத்துட்டோம். எல்லாமே பர்ஃபெக்ட்னு சொன்னாங்க. பயந்துட்டோம். இதுல என்னென்ன கோளாறுன்னு இப்ப எனக்குத் தெரியும்."

அவர்கள் வாங்கினார்கள். ஆனால் அடுத்த மூன்று வீடுகளை யாரும் வாங்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் அலுவலகத்துக்கே வந்து கத்தினார். தலைவி சதுரமீற்றரை அழைத்து, பிழைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நல்லதையும் அளந்து சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் வீடுகளில் மணிக்கணக்காக இருந்து நல்லது தேடினார். எந்த ஜன்னலில் குருவி வரும், எந்தப் படியில் பிள்ளைகள் இருந்து கதைப்பார்கள் என்றெல்லாம் குறிப்பு எழுதினார். மெதுவாகத்தான் விற்றார். ஆனால் அவர் விற்ற வீட்டைப் பற்றி ஒருவரும் பிறகு வந்து முறையிடவில்லை என்று கூர்ச்சப்பாத்தே என்னிடம் சொன்னான்.

பயிற்சி முடிகிற நேரம் பார்த்துப் புதுச் சட்டம் வந்தது. "பந்தியிலை இருந்தாப் பிறகு இலையை மாத்திறாங்கள்" என்று பதறினார். அது உங்களைப் பாதிக்காது என்று தலைவி சொன்னார். சொன்னாலும் முழுவதையும் ரயிலில் வாசித்து முடித்தார்.

கடைசியாகப் பொலிஸ் சான்றிதழ். இந்தத் தடவை கொடுத்துவிட்டார்கள். ஒரே வரி: 'குறிப்பிட ஒன்றுமில்லை.' அதை அவர் விருந்தினர் எல்லாருக்கும் காட்டினார். புவனம் அக்கா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருவது வருசமா நான் சொல்லுறதைப் பொலிசும் சொல்லிட்டுது."

ஆனால் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாதாம். விண்ணப்பம் போய்ச் சேரும்வரை அவர் தன் நன்னடத்தையை முட்டைக் கூடை போலத் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஒரு வாகனமும் இல்லாத வெறும் வீதியில் சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் வரும்வரை பனியில் நிற்பார். பயணச்சீட்டு இருக்கும்போதே இன்னொன்று எடுப்பார். புவனம் அக்காவோடு சண்டை பிடிப்பதைக்கூட ஒத்திப்போட்டிருந்தார். "தபால் போய்ச் சேரட்டும், பிறகு கதைக்கிறன் உம்மோடை."

பதில் வந்தது ஒரு சனிக்கிழமை. பனி உருகி வாசலெல்லாம் சேறு. மணி அடித்தது. திறந்தால் சதுரமீற்றரும் புவனம் அக்காவும். அக்கா நல்ல சேலை உடுத்து, அதற்கு மேல் குளிர்கோட்டு போட்டிருந்தார். சதுரமீற்றரின் கையில் உடைக்காத கடித உறை.

"நீர் உடையும் தங்கச்சி. நான் உடைச்சா உள்ளுக்கை இருக்கிறது கிழிஞ்சிடும்."

"உள்ளுக்கு வாங்கோவன்."

"இல்லை, இஞ்சையே வாசியும்."

வாசலில் நின்றபடியே உடைத்தேன். நொர்வேஜிய மொழியில் வாசித்தேன். அவருடைய நீண்ட பெயர், ஓர் எழுத்துக்கூடத் தொங்காமல், முழுதாக இருந்தது. அதற்குக் கீழே, இன்றிலிருந்து இவர் உரிமம் பெற்ற மெக்லர் என்று இருந்தது. அவர் எட்டிக் கடிதத்தைப் பார்த்தார்.

"விளங்கிச்சுது. எண்டாலும் தமிழிலை ஒருக்காச் சொல்லும்."

தமிழில் சொன்னேன். புவனம் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சரியாக் கேக்கேல்லை" என்றார். திரும்பவும் சொன்னேன்.

அதோடு கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்திருக்கலாம். இருவரும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் நான் கொடுக்கவில்லை. தொடக்கத்திலிருந்து, பெயரிலிருந்து, இன்னொரு தடவை வாசித்தேன். அந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, எனக்காகத்தான் வாசித்தேன்.